பாப்பாவின் கும்மி வெள்ளிக்கிழமை, ஷிப்மென்ட்டும் வெள்ளிக்கிழமை. எப்படி லீவு கேட்பது?

தேனிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டி பக்கம். திருப்பூருக்குப் பிழைக்க வந்து 9 வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன், வெட்டிய துண்டுகளை ஓரம் சேர்த்துத் தைக்கிற மெஷின். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், கேரளா லைன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். ஒரே மகள், அரசு நடுநிலைப் பள்ளியில் நாலாம் வகுப்பு.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளியில் ஆண்டு விழா. பாப்பா வள்ளி கும்மி ஆடுகிறாள். இது கொங்கு நாட்டு ஆட்டம், எங்கள் ஊர்க் கும்மி மாதிரி இல்லை, அடவு வேறு, சலங்கை கட்டி ஆட வேண்டும். ஆம்பளைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த இதைப் பொம்பளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தது கோவை பக்கத்துப் பத்ரப்பன் ஐயா, அவருக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்று டீச்சர் சொன்னதை அப்படியே வந்து ஒப்பிக்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வீடு வந்ததும் லைன் வீட்டு மொட்டை மாடிக்கு இழுத்துப் போய் எனக்கும் கற்றுக்கொடுக்கிறாள். கைதட்டு பிந்தினால் "அம்மா, மறுபடி" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

போன வருடமும் ஆடினாள். "ஆறு மணிக்கு மேலதான் உன் டான்ஸ் வரும், அம்மா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அஞ்சரைக்கு வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை, பாதி தூரம் நடந்து பாதி தூரம் ஓடிப் போனேன். பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டித் திண்டில் மேக்கப்போடு உட்கார்ந்திருந்தாள். "ஆடி முடிச்சுட்டேன்மா" என்றாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முகம் கழுவச் சொன்னால், "நீ பாக்கவே இல்லையே, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று அப்படியே தூங்கிப்போனாள். தலையணை உறையில் அந்தக் கன்னச் சிவப்பு இன்னும் போகவில்லை.

இந்த வருடம் சொல்லிவைத்த மாதிரி அதே நாளில் ஷிப்மென்ட். சனிக்கிழமை விடியற்காலை கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் பேட்ச்சில், அதாவது கான்ட்ராக்டருக்குக் கீழே சேர்ந்து தைக்கிற எங்கள் குழுவில், ஓவர்லாக் இரண்டே மெஷின். ஒன்று நின்றால், அடுத்து விளிம்பு மடித்துத் தைக்கிற பேட்லாக் மெஷின் அண்ணனுக்கும் வேலை இல்லை, கைமடிக்கிற பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. எல்லாருக்கும் பீஸ் ரேட்டு, முடித்த பீஸுக்குத்தான் கூலி. என் கூலி போனால் பரவாயில்லை, என்னால் அவர்கள் கூலியும் போகுமே என்றுதான் வாய் வரமாட்டேன் என்கிறது.

வீட்டுக்காரர், வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வரும், பார்த்துக்கலாம் என்கிறார். போன வருட வீடியோவும் வந்தது. எடுத்தவர் அவர் பிள்ளையை எடுத்திருக்கிறார், அது நியாயம்தானே. என் மகளின் வலது கையும் வளையலும் மட்டும் நாலு தடவை வந்து போகிறது.

கான்ட்ராக்டரிடம் எப்படிக் கேட்பது? கேட்கலாமா, கூடாதா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேட்ச் நடத்துறவன்:

தங்கச்சி, நானும் இதே ஊரில் பேட்ச் எடுத்து நடத்துகிறவன்தான். வெள்ளிக்கிழமை காலையில் போய்க் கேட்டால் எந்தக் கான்ட்ராக்டரும் விடமாட்டார், நானும் விடமாட்டேன். நாளைக்கே கேளுங்க. மூணரைக்குக் கிளம்பினால் எட்டரை வரைக்கும் அஞ்சு மணி நேரம். அந்த அளவு பீஸை புதன், வியாழன் ராத்திரி கூடுதலாக உட்கார்ந்து ஓட்டிக் கொடுத்துடறேன் என்று சொல்லுங்க. ஓவர்லாக் முடித்த துணிக்கட்டு, அந்தப் பண்டில், கையிருப்பில் இருந்தால் பேட்லாக் நிற்காது. அவருக்கு வேண்டியது அதுதானுங்க. பேட்லாக்கில் இருக்கிறவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்க.

தலைவலி, காய்ச்சல் என்று பொய் மட்டும் வேண்டாம். என் பேட்ச்சில் ஆம்பளைகள் காதுகுத்து, கிடாவெட்டு என்று நிமிர்ந்து நின்று லீவு கேட்கிறார்கள். பிள்ளை மேடை ஏறுகிறதைப் பார்க்கணும் என்று கேட்கிற அம்மாக்கள்தான் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பிள்ளை ஆடறா, போகணும் என்றே சொல்லுங்க.

கோபி டீச்சர்:

வணக்கம் அம்மா. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆண்டு விழாவில் எந்த ஆட்டம் எப்போது என்பதைக் கடைசி இரண்டு நாளில்தான் முடிவு செய்வோம், அதுவரை மாற்ற இடம் உண்டு. வகுப்பு ஆசிரியரிடம் இன்றே பேசுங்கள். "ஐந்து மணிக்கு முன்னால் என்னால் வர முடியாது, கும்மியை அதற்குப் பிறகு வைக்க முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சை முன்னால் தள்ளினால் அரை மணி நேரம் தானாகவே கிடைத்துவிடும். பெற்றோர் சொல்லாமல் எங்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது குழந்தைக்குக் கீழே இருக்கிற முகம் எதுவும் தெரியாது. நீங்கள் எங்கே நிற்பீர்கள், என்ன நிறப் புடவை என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அம்மா எங்கே என்று தேடியே பாதிப் பிள்ளைகள் அடவை விட்டுவிடுகிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் மறக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். திருப்பூரில் ஞாயிறுதானே விடுமுறை, அடுத்த வருடம் விழாவை ஞாயிறு சாயங்காலம் வையுங்கள் என்று அங்கே கேட்கலாம். எங்கள் பள்ளியில் அப்படிக் கேட்டுத்தான் மாற்றினோம். அன்று உட்கார இடமில்லாமல் சுற்றுச்சுவர் மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

பூக்காரம்மா மகன்:

அக்கா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் அம்மா மதுரையில் பூக்கட்டி விற்றார். சாயங்காலம்தான் வியாபாரம், அதனால் ஒரு விழாவுக்கும் வந்ததில்லை. ராத்திரி கூடையை இறக்கி வைத்ததும், "எங்கே, எனக்கு ஆடிக் காட்டு" என்பார். அடுப்படியில் இரண்டு அடி இடம், அதில் முழு ஒயிலாட்டமும் ஆடுவேன். அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நீங்கள் மாடியில் ஏறி ஆடுகிறீர்களே, அது பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். போக முடிந்தால் கட்டாயம் போங்கள். முடியாமல் போனால் அந்தத் தலையணை உறையைப் பார்த்துப் பார்த்து அழ வேண்டாம்.

தேனிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னபடி மறுநாளே கேட்டேன். கான்ட்ராக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பண்டில் ஓட்டிக் குடுத்துட்டு மூணரைக்குப் போ" என்றார். புதனும் வியாழனும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்தேன். அப்படியும் வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறைந்துவிட்டது. "நீ கிளம்பு, பாத்துக்கறேன்" என்று பேட்லாக் அண்ணன்தான் என் மெஷினில் போய் உட்கார்ந்தார்.

மெரூன் புடவை, வாசலுக்கு வலது பக்கம் வேப்பமரத்தடி என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தேன். கிளாஸ் டீச்சர் கும்மியை அஞ்சேகாலுக்கு வைத்துக்கொடுத்தார். இரண்டாவது வரிசை, நடுவில் நின்றாள். பாட்டு தொடங்கும்போதே தலை வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது. கையைத் தூக்கினேன். பார்த்துவிட்டாள். ஒரு கைதட்டு தப்பியது, அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை, ஆட்டத்தில்தான் இருந்தாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் அவள் சலங்கை எனக்குத் தனியாகக் கேட்ட மாதிரி இருந்தது. அத்தனை சத்தத்தில் அது முடியாது என்று தெரியும், ஆனாலும் கேட்டது.

முதல் பாட்டுக்கு நான் போனை எடுக்கவே இல்லை. இரண்டாவது பாட்டுக்கு எடுத்தேன். வரிசைக் கடைசியில் ஆடிய பிள்ளையின் அம்மா எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார், அவரால் வர முடியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளையை மட்டும், தலையிலிருந்து கால் வரை தெரிகிற மாதிரி எடுத்தேன். இன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். செக்கிங் அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.