புரொபைலர் காட்டுவதை எப்படி வாசிப்பது? இரண்டு இரவு வீண்

சுன்னாகம்_பொடியன்:
அண்ணாமார், பெரியப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு பைதனில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அன்றன்றைய விற்பனையை சிஎஸ்வி ஃபைலில் இருந்து எடுத்து எஸ்கியூலைட் டேட்டாபேஸில் போடும், அவ்வளவுதான். 1,400 வரிக்கு 66 செக்கன் எடுக்கிறது, பெரியப்பா தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு வந்தும் திட்டுகிறார். எந்தப் பங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற பைதன் புரொபைலரான சி-புரொபைல் போட்டுப் பார்த்தேன். கியூம்டைம் படி அடுக்கினால் மெயின் பங்ஷன்தான் உச்சியில். கீழே, சாமான் பெயரை ஒப்பிடுகிற பங்ஷன் 2,10,000 தடவை ஓடியிருந்தது. இதுதான் கள்ளன் என்று நினைத்து இரண்டு இரவு இருந்து திருத்தினேன். 66 என்பது 65 ஆனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிணற்றடி:
தம்பி, மெயின் உச்சியில் நிற்பதில் புதினம் இல்லை, எல்லாம் அதற்குள்ளேதானே ஓடுகிறது. கலியாண வீட்டுக் கணக்கு மாதிரிப் பாரும். முழுச் செலவும் தகப்பன் பெயரில் எழுதியிருக்கும், அது கியூம்டைம். அவர் தன் கையால் எண்ணிக் கொடுத்தது மட்டும் டொட்டைம், மேளத்துக்கும் பந்தலுக்கும் மற்றவர்கள் கொடுத்தது அதில் வராது. டொட்டைம் படி அடுக்கி முதல் நாலு வரியை இங்கே போடும். தடவைக் கணக்கை மட்டும் பார்த்து ஓடக்கூடாது, அந்த ஒப்பிடுகிற பங்ஷனின் டொட்டைம் எவ்வளவு?

சுன்னாகம்_பொடியன்:
திருத்த முதல் 0.9 செக்கன் 😐 உச்சியில் இப்போது எஸ்கியூலைட்டின் கொமிட் (போட்டதை டேட்டாபேஸில் நிலையாகப் பதிகிற கட்டளை) நிற்கிறது, 1,400 தடவை, 61 செக்கன்.

பழைய_கோடர்:
அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் கொமிட் போடுகிறீர், லூப்புக்கு உள்ளே. ஒவ்வொரு கொமிட்டுக்கும் டேட்டா டிஸ்க்கில் உண்மையில் எழுதப்பட்டதா என்று எஸ்கியூலைட் காத்து நிற்கும். கடையில் இருப்பது பழைய லாப்டொப் என்றால் நிமிஷத்துக்கு 5400 சுற்று ஹார்ட் டிஸ்க்காக இருக்கும், அது செக்கனுக்கு 90 தடவைதான் சுற்றும், ஒரு கொமிட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று தேவை. உமக்கு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 44 மில்லிசெக்கன் வருகிறது, கணக்குச் சரி. சி-புரொபைல் சுவர்க் கடிகார நேரத்தைத்தான் எண்ணும், அதனால் சிபியூ சும்மா இருந்து காத்த நேரமும் அந்த 61க்குள் இருக்கிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்து பாரும், சிபியூ தூங்கிக்கொண்டிருக்கும். கொமிட்டை லூப்புக்கு வெளியே எடுத்து கடைசியில் ஒரு தடவை போடும்.

சுன்னாகம்_பொடியன்:
இடையில் கரண்ட் போனால்? அதற்குப் பயந்துதான் வரிக்கு வரி போட்டேன்.

பழைய_கோடர்:
போனால் அன்றைய ஃபைல் முழுவதும் ஏறாமல் நிற்கும், திரும்ப ஓட்டலாம், சிஎஸ்வி எங்கேயும் போகாதே. இப்போது போனால்தான் தலையிடி, 800 வரி ஏறி 600 ஏறாமல் நிற்கும், திரும்ப ஓட்டினால் இரட்டையாக விழும். ஆனால் கெதியாக ஓடும் என்று யாராவது சிங்க்ரோனஸை (டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்து நிற்கச் செய்கிற எஸ்கியூலைட் செட்டிங்) ஓஃப் பண்ணச் சொன்னால் கேட்காதீர், கரண்ட் போகும் நேரம் டேட்டாபேஸே பழுதாகலாம்.

நிலாவரை_நண்டு:
ஒன்று சேர்க்கிறேன். அந்த 0.9 கூட முழுக்க உண்மை இல்லை. சி-புரொபைல் ஒவ்வொரு அழைப்பையும் பதிவதால் லட்சக்கணக்கில் ஓடும் சின்னச் சின்ன பைதன் பங்ஷன்கள் உள்ளதைவிடப் பாரமாகத் தெரியும். பை-ஸ்பை மாதிரி இடைக்கிடை எட்டிப் பார்க்கிற புரொபைலரில் இந்தச் சிக்கல் குறைவு. எதைத் திருத்தினாலும் புரொபைலர் இல்லாமலும் ஒரு தடவை ஓட்டி நேரம் பாரும்.

சுன்னாகம்_பொடியன்:
ஓம், செய்து பார்த்தேன், 5 செக்கனுக்குக் கொஞ்சம் கீழே! இப்போது மிச்சத்தில் பாதிக்கு மேல் பாண்டாஸ் என்ற பைதன் லைப்ரரியை இம்போர்ட் பண்ணவே போகிறது. அதையும் கழற்றவா?

கிணற்றடி:
ஒரு நாளைக்கு ஒருமுறைதானே ஓடுகிறது. விட்டுவிட்டுப் போய்ப் படும்.