புதுப்பிப்பு: அப்பாவுக்காக வீட்டை மாற்ற உதவி கேட்டிருந்தேனே

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா நடமாட, மேற்கு மாம்பலம் வீட்டின் குளியலறையையும் வாசலையும் மாற்றப் பண உதவி கிடைக்குமா என்று பொங்கல் சமயத்தில் கேட்டிருந்தேன். பலர் சொன்ன மத்திய அரசுத் திட்டமான ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவை விசாரித்தேன். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவை இலவசம். ஆனால் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அப்பாவின் பென்ஷன் தாண்டுகிறது. தவிர, அது பொருளுக்குத்தான், கொத்தனார் கூலிக்கு அல்ல.

உருப்படியாகக் கிடைத்தது வரிச் சலுகை. அரசு மருத்துவமனைக்கு மூன்று நடை நடந்து ஊனச் சான்றிதழ் வாங்கினோம். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அப்பா பெரும்பாலும் என்னைச் சார்ந்திருப்பதால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் வரிக்கு உட்படும் என் வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. உண்மையில் எவ்வளவு செலவு செய்தோம் என்று பார்ப்பதில்லை, கழிவு அதேதான். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. என் 20 சதவீத வரியில் சுமார் 15,000 மிச்சம். அதிலேயே கைப்பிடிகளும் வழுக்காத டைல்ஸும் முடிந்தன.

வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றிப் பேச்செடுத்ததுமே அம்மா முகம் மாறிவிட்டது. சரி, விட்டுவிட்டேன்.

சாய்தளம்தான் பாக்கி. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு இரண்டு பைக் நிறுத்துமிடம் போகும். அதைப் பேச அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.