தாத்தாவின் நோக்கியா சி6

தம்பி, லாஸ்பேட்டை
பெரியப்பா, போகிக்காகப் பரணை ஒழித்தபோது தாத்தாவின் பழைய நோக்கியா போன் கிடைத்தது. திரையை நகர்த்தினால் அடியிலிருந்து விசைப்பலகை வெளியே வருமே, அதுதான். பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

பெரியப்பா, மஞ்சக்குப்பம்
வேண்டாம் தம்பி, பத்திரமாக எடுத்து வை. அது 2010-இல் வந்த சி6. நோக்கியாவின் உயர்ரக போனான என்97 அன்று நமக்கு எட்டாத விலை. அதில் இருந்த அதே சிம்பியன் இயங்குதளம் இதில் குறைந்த விலைக்குக் கிடைத்ததால் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். தொடுதிரை அழுத்தினால்தான் கேட்கும். ஆனால் உள்ளேயிருந்து நான்கு வரிசை விசைகள் வந்ததும், தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்த அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நம் போனில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். ஆப்பெரா மினி என்ற இணைய உலாவியில் ஓர் அமைப்பை மாற்றிய பிறகுதான் செய்தித்தாளையே படிக்க முடிந்தது. அதனால் எஸ்எம்எஸ்ஸில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார், முற்றுப்புள்ளிகூட விடமாட்டார்.

அத்தை, திருச்சி
அண்ணா, தானே புயல் சமயத்தில் அப்பா பண்ருட்டி வீட்டில் தனியாக இருந்தாரே! 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை முறை அழைத்தும் கிடைக்கவில்லை. மறுநாள் அவருடைய எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. தம்பி, அது இருக்கிறதா என்று பாரப்பா.

பெரியப்பா, மஞ்சக்குப்பம்
பேச்சுக்குத் தொடர்ந்து இணைப்பு வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கோ சிக்னல் ஒரு கணம் கிடைத்தாலே போதும், அதனால்தான் அது வந்து சேர்ந்தது. தம்பி, முதலில் பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்துச் சுற்றிப் பார். பம்பரம்போல் சுழன்றால் உப்பியிருக்கிறது என்று பொருள், அதற்குச் சார்ஜ் போடவே கூடாது. விசைப்பலகையை அடிக்கடி திறந்து மூடாதே. திரையையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் மெல்லிய பட்டை வயரின் மடிப்பு இத்தனை வருடத்தில் நைந்திருக்கும், அது அறுந்தால் திரை இருண்டுவிடும். இன்னொன்று, அனுப்பியவற்றில் வழக்கமாகக் கடைசி 20 மட்டுமே அதில் தங்கும். அப்பா எழுதியது அழிந்திருக்கலாம், நாம் அவருக்கு எழுதியவை இருக்கும்.

தம்பி, லாஸ்பேட்டை
பழைய பேட்டரி சுழன்றது, பெரியப்பா. நேரு வீதியில் பிஎல்-4ஜே புதிது வாங்கிப் போட்டேன். தேதி கேட்டது, பிறகு திறந்துகொண்டது. நீங்கள் சொன்னபடியே தாத்தா அனுப்பியவற்றில் 2013-க்கு முந்தையது எதுவும் இல்லை. ஆனால் வந்தவற்றில் அத்தையின் பதில் இருக்கிறது, 31-12-2011 தேதியிட்டது: “அப்பா பலா ரெண்டும் சாஞ்சா சாயட்டும் நீங்க மாடிக்கு ஏறாதீங்க ரோட்டுல மரம் எடுத்ததும் வரேன்.”

அத்தை, திருச்சி
ஆமாம், இரண்டு பலாவும் விழுந்துவிட்டன என்றுதான் எழுதியிருந்தார். கிணற்றுப் பக்கத்தில் நின்றவை. தம்பி, அந்தத் திரையை ஒரு படம் எடுத்து இங்கே போடப்பா.