குறைந்த பட்ஜெட்டில் ஹெட்ஃபோன்: பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் எதை நம்புவது?

தாரணி:
வணக்கம். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் பாட்டு கேட்கவும் லேப்டாப்பில் மீட்டிங் பேசவும் ஒரு ஹெட்ஃபோன் வேண்டும். செலவழிக்க முடிவது சின்னத் தொகைதான், அடிக்கடி மாற்றவும் முடியாது. மூக்குக்கண்ணாடி போடுவேன். ஃபோனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை, டைப்-சி மட்டும்தான். ஒரு பெட்டியில் 50 மி.மீ. டிரைவர், இன்னொன்றில் 10 முதல் 40,000 ஹெர்ட்ஸ், வேறொன்றில் 7.1 சரவுண்ட் என்று போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? வயரா, புளூடூத்தா?

ஒலியாள்:
தாரணி, அந்த மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். டிரைவரின் (ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) அகலம் தரத்தைச் சொல்லாது. 1991-இல் வந்து இன்றும் ஸ்டூடியோக்களில் புழங்கும் சோனி எம்.டி.ஆர்-7506-இல் இருப்பது 40 மி.மீ. டிரைவர்தான். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, வயது ஏற ஏற அதுவும் குறையும். தவிர, அந்த வரம்புக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாவிட்டால் 40,000 என்ற எண்ணால் பயனில்லை. 7.1 என்பது பெரும்பாலும் மென்பொருள் வேலை. உள்ளே காதுக்கு ஒரு டிரைவர்தான் இருக்கும்.

தேட வேண்டியது அந்த மாடலின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் வரைபடம், அதாவது தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் கோடு. நிறுவனம் வெளியிடாவிட்டாலும், அளந்து பார்த்து எழுதும் விமர்சகர்களிடம் கிடைக்கும். அதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபல் மேடு இருக்கலாம். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருந்தே ஆக வேண்டும்: காதுமடலும் செவிக்குழாயும் இயல்பிலேயே அந்தப் பகுதியைத் தூக்கிக் காட்டுபவை, அது இல்லாவிட்டால் குரல் மங்கும். மலிவு மாடல்களில் அடிக்கடி வரும் குறை 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை வீங்கி நிற்பது. அப்போது பாடுபவர் பானைக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் கூரான முனை இருந்தால் 'ஸ', 'ஷ' ஒலிகள் காதைக் குத்தும். தினம் நான்கு மணி நேரம் கேட்பவருக்கு இதுதான் முதல் எதிரி.

கண்ணாடி விஷயத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடியின் காம்பு, காதைச் சுற்றி உட்காரும் பேடைத் தூக்கி இடைவெளி விட்டால், மூடிய வகை (கப்பின் வெளிப்புறம் அடைபட்ட) ஹெட்ஃபோனில் பேஸ் (தாழ்ந்த ஒலி) அந்த வழியே கசிந்துவிடும். ஒரே மாடலைப் பற்றி ஒருவர் 'பேஸ் பிரமாதம்' என்றும் இன்னொருவர் 'பேஸே இல்லை' என்றும் எழுதுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்ணாடியோடு போட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் கையால் மெல்ல அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் அந்தப் பேட் உங்களுக்குப் பொருந்தவில்லை. பேடின் உள்துளை சுமார் 6 செ.மீ. உயரம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். ஆழம் போதாவிட்டால் காதுமடல் டிரைவர் மூடியில் பட்டு, அரை மணி நேரத்தில் வலிக்கும். எடை 250 கிராமைத் தாண்ட வேண்டாம்.

ஜாக்பின்:
ஒலியாள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெட்டியில் உதவும் எண்கள் இரண்டு. இம்பீடன்ஸ் (மின்தடை) 16 முதல் 64 ஓம், சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் அல்லது அதற்கு மேல். சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்குப் பதில் 1 வோல்ட்டுக்குக் கணக்குச் சொல்லும். 32 ஓம் ஹெட்ஃபோனில் 100 டெசிபல்/மில்லிவாட் என்பது 115 டெசிபல்/வோல்ட். 300 ஓமில் அதே 100 என்பது 105-தான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஃபோனுக்கு டைப்-சி டாங்கிள் (3.5 மி.மீ. பிளக்கை மாட்ட உதவும் சின்ன இணைப்பான்) வாங்கும்போது உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றுவது) இருப்பதை உறுதி செய்யுங்கள். சிப் இல்லாத வெறும் வயர் அடாப்டரும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் பல ஃபோன்களில் சத்தமே வராது. சிப் உள்ளது 1 வோல்ட் கொடுத்தால் மேலே சொன்ன 32 ஓம் வகைக்குத் தாராளம். தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், அந்தப் பணத்தை ஹெட்ஃபோனிலேயே போடுங்கள்.

ரவி_கே:
மூடிய வகைதான் என்று முடிவு கட்ட வேண்டாமே. அறை அமைதியாக இருந்தால், கப்பின் வெளிப்புறம் அடைக்காத திறந்த வகையையும் பாருங்கள். 1984 முதல் வரும் காஸ் போர்ட்டா ப்ரோ 60 ஓம், மிக லேசு. பஞ்சு பேட் காதின் மேல்தான் உட்காரும், கண்ணாடிக் காம்பு பெரிய தொந்தரவில்லை. வெளிச்சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நீண்ட முடி அந்த உலோகப் பட்டையில் சிக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தாரணி:
நன்றி. வீட்டில் சத்தம் உண்டு, அதனால் மூடியதுதான் சரிப்படும். மீட்டிங்கில் புளூடூத் ஹெட்செட் போட்டால் எதிர்முனைக் குரல் பழைய டெலிஃபோன் மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

ஜாக்பின்:
மைக் இயங்கத் தொடங்கியதும் சாதாரண புளூடூத், பாட்டுக்கான ஸ்டீரியோ முறையை விட்டு ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறைக்கு மாறிவிடுகிறது. அது மோனோ, இரண்டு காதிலும் ஒரே ஒலி. நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான், அதாவது ஒலி அதிகபட்சம் 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்செட் ஸ்டீரியோவிலேயே நிற்கும். எல்சி3 கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) உள்ள எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் வகையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரு பக்கமும் ஆதரவு வேண்டும். சின்ன பட்ஜெட்டுக்கு என் வாக்கு வயருக்குத்தான்: பேட்டரி, ரேடியோ, சார்ஜிங் சர்க்யூட் எதற்கும் பணம் போகாது, பேட்டரி தேய்ந்து தூக்கிப்போடவும் வேண்டியதில்லை.

ஒலியாள்:
நெடுநாள் உழைக்க இரண்டைக் கவனியுங்கள்: கேபிள் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும், மாற்று பேட் கிடைக்க வேண்டும். செயற்கைத் தோல் பேட் வியர்வையில் உரியும். மாற்றும்போது வெல்வெட் துணிப் பேட் போட்டால் காதுக்குக் குளிர்ச்சி, ஆனால் பேஸ் குறையும்.

ஒலி பிடிக்காவிட்டால் ஈக்வலைசரில் கூட்டுவதைவிடக் குறையுங்கள். 5 டெசிபல் கூட்டினால் ப்ரீஆம்பை (ஈக்வலைசரில் மொத்த ஒலியளவை மாற்றும் அமைப்பு) 5 டெசிபல் இறக்கியே ஆக வேண்டும், இல்லையேல் உரத்த இடங்களில் ஒலி சிதையும். வால்யூமுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல்.

ரவி_கே:
ஒரு நாள் திடீரென்று பாடுபவர் குரல் மறைந்து வாத்தியங்கள் மட்டும் கேட்டால் ஹெட்ஃபோன் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிளக்கில் இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும்) இணைப்பு விட்டிருக்கும். அப்போது இடது, வலதுக்கு இடையிலான வித்தியாசம்தான் கேட்கும், நடுவில் பதிவான குரல் கழிந்துபோகும். முதலில் பிளக்கை முழுசாக உள்ளே தள்ளி, கிளிக் என்று உட்காருகிறதா பாருங்கள். சரியாகாவிட்டால் வேறு டாங்கிளில், பிறகு வேறு கேபிளில் சோதியுங்கள். மைக்குக்கும் சேர்த்து நான்கு உலோகப் பகுதிகள் உள்ள பிளக் என்றால் ஒஎம்டிபி, சிடிஐஏ என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு; பழைய ஒஎம்டிபி முறையில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். இன்றைய ஃபோன்கள் பெரும்பாலும் சிடிஐஏ முறை, பிளக்கின் முறையும் ஜாக்கின் முறையும் பொருந்தாவிட்டாலும் இதே மாதிரிதான் கேட்கும்.