பழைய ஜீப்பின் வைப்பரும் முன்னிருக்கைகளும்

கேள்வி (குளச்சல்): வணக்கம். என் பழைய ஜீப்பின் வைப்பர் மழையில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மோட்டாரின் ஓசை மட்டும் கேட்கிறது. கிழிந்த முன்னிருக்கைகளுக்குப் பதிலாக வேறு வண்டியின் இருக்கைகளைப் பொருத்தலாமா?

மறுமொழி (தக்கலை): மோட்டார் ஓடியும் வைப்பர் அசையாவிட்டால், குறை பெரும்பாலும் மோட்டாரின் அசைவை வைப்பருக்குக் கடத்தும் இணைப்புக் கம்பியிலோ, வைப்பர் கை அமரும் பல் தேய்ந்த தண்டிலோ இருக்கும். இணைப்பைக் கழற்றித் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கடற்காற்றின் உப்பால், தண்டு சுழலும் உறையான புஷ் துருவேறி இறுகியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புதிய மோட்டாரும் எரிந்துபோகக்கூடும். இரு பருவமழையும் பெறும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மறுமொழி (மார்த்தாண்டம்): இருக்கையை மாற்றலாம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டி உள்ள வண்டியானால், தொட்டியை இறக்கிய பின்பே துளையிடுங்கள். வண்டியின் தரைத் தகட்டின் அடியில் தடித்த இரும்புப் பட்டை வைத்து, 8.8 தர (உயர் வலிமை) போல்ட்டால் முடுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. முதலில் தண்டைச் சோதிக்கிறேன்.