பீனிக்ஸில் கராஜும் பூலும்: மாலை 4 மணி வெயிலை வைத்துத் திட்டம் போடுங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில் பீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வேலைக்கு வந்து, அபார்ட்மென்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறப் போகிறவர்கள் தவறாமல் கேட்பது இரண்டு கேள்விகள். பூல் போடலாமா? கராஜுக்கு ஏசி வைக்கலாமா? இரண்டையும் வேறு வேறு வேலையாக நினைத்து, வேறு வேறு ஆட்களிடம் விலை கேட்டு, வேறு வேறு வருடத்தில் செய்கிறார்கள். காசு அங்கேதான் வீணாகிறது. இரண்டையும் அடிப்பது ஒரே மேற்கு வெயில். இரண்டுக்கும் ஒரே மின் பேனல், ஒரே கரண்ட் பில். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. இங்கே கரண்ட் தருவது ஏபிஎஸ், எஸ்ஆர்பி என்ற இரண்டு நிறுவனங்கள். ஏபிஎஸ் வாடிக்கையாளராக இருந்து நேர அடிப்படைத் திட்டத்தில் சேர்ந்தால், வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை யூனிட் விலை அதிகம். எஸ்ஆர்பியில் திட்டத்துக்குத் திட்டம் நேரம் மாறும். இரண்டில் எது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் சூரியன் மேற்கே சாய்ந்து சுவரில் நேராக அடிக்கும், வீட்டு ஏசி மூச்சு வாங்கும், ஆபீசிலிருந்து வந்த கார் சூட்டோடு கராஜுக்குள் நுழையும். டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுத்தீர்கள் என்பதற்கான கட்டணம், உள்ள திட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உச்ச நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம் ஏசி, பூல் பம்ப், டிரையர், கார் சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஓடினால் போதும், அந்த மாத பில்லில் அது உட்கார்ந்துவிடும். ஆகவே எந்தப் பொருளை வாங்கும்போதும் கேட்க வேண்டியது இதுதான்: 4 முதல் 7 வரை இது என்ன செய்து கொண்டிருக்கும்?

கராஜுக்கு வருவோம். வீடு இன்னும் வாங்கவில்லை என்றால், கராஜ் கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். வடக்கு, கிழக்கு நல்லது. மேற்கு என்றால் அந்த இரும்புக் கதவு மாலை முழுக்க அடுப்பு மாதிரி உள்ளே சூட்டை வீசும். பல பில்டர்கள் வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே உள்ள சுவரில் மட்டும் இன்சுலேஷன் (சூட்டைத் தடுக்கும் அடைப்பு) போட்டுவிட்டு, கராஜின் வெளிச்சுவரையும் கூரையையும் அப்படியே விட்டுவிடுவார்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், டிரைவால் (உட்புறச் சுவர்ப் பலகை) அடிக்கும் முன் போய்ப் பார்த்து, அந்தச் சுவர்களுக்கும் போட என்ன விலை என்று கேளுங்கள். டிரைவால் ஏறிய பிறகு அதே வேலைக்குச் செலவும் அதிகம், தூசியும் அதிகம். கராஜுக்கு மேலே அறை இருக்கிற வீட்டில் இதை விடவே கூடாது. அந்த அறையின் தரை வழியாகத்தான் சூடு ஏறும். அப்புறம் அங்கே தூங்குகிற பிள்ளைக்காக வீடு முழுக்க ஏசியை இரண்டு டிகிரி குறைக்க வேண்டி வரும்.

கதவு வாங்கும்போது விளம்பரத்தில் ஆர்-18 என்றெல்லாம் போட்டிருப்பார்கள்; சூட்டை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் அது, கூடினால் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் பலகையின் நடுப்பகுதிக்கான அளவு. மடிப்புகள், ஓரங்கள், கீழ் ரப்பர் எல்லாம் சேர்த்து முழுக் கதவுக்கும் பார்த்தால் எண் குறையும். அதனால் எண்ணை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். ஒரு நாள் பிற்பகலில் உள்ளே நின்று கதவை மூடி விளக்கை அணையுங்கள். கண் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ, அங்கெல்லாம் அனல் காற்றும் தூசியும் வருகிறது. தேளுக்கும் அதுதான் வழி. இந்த ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரமே விறைத்து வெடித்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். சின்ன வேலைதான், நீங்களே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், அது எரியக் காற்று வேண்டும். அதற்காக விட்டிருக்கும் துவாரங்களை இன்சுலேஷன் உற்சாகத்தில் அடைத்துவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு விளையாட்டு விஷயமில்லை. அதே காரணத்தால், வீட்டு ஏசியின் டக்டில் (காற்றுக் குழாயில்) ஒரு கிளையை வெட்டிக் கராஜுக்குத் திருப்பலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார் புகையும் பெட்ரோல் வாசனையும் படுக்கையறைக்குப் போகும் வழி அது. கட்டட விதியும் கராஜுக்குள் டக்ட் திறப்பு வைக்க விடாது. உடற்பயிற்சிக்கோ தச்சு வேலைக்கோ கராஜ் வேண்டும் என்றால் தனியாக ஒரு மினி ஸ்ப்ளிட் (ஒரு அறைக்கு மட்டுமான, டக்ட் இல்லாத ஏசி) போடுங்கள். அதுவும் சுவர், கூரை, கதவு மூன்றும் சரியான பிறகு. இன்சுலேஷன் இல்லாத கராஜில் மினி ஸ்ப்ளிட் போடுவது தெருவுக்கு ஏசி போடுவதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர். சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும், வெளியே விடுவது குளிர்ந்த காற்று. சாதாரண மின் ஹீட்டரோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு கரண்டில் வேலை முடியும். குளிர் ஊர்களில் இதை எங்கே வைப்பது என்று தலையைச் சொறிவார்கள். இங்கே கராஜில் சூட்டுக்கா பஞ்சம்? கராஜே குளுகுளு என்று ஆகிவிடாது, ஆனால் நமக்கு வேண்டாத சூடு குளிக்கிற தண்ணீருக்குப் போகிறது. இதற்கும் டைமர் உண்டு, 4 முதல் 7 வரை அணைத்து வையுங்கள்.

இரண்டாவது ஃப்ரிட்ஜைக் கராஜில் வைக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வரி. கராஜுக்கு ஏற்றது என்று விற்கிறவைகூடப் பெரும்பாலும் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான். 2023 கோடையில் பீனிக்ஸில் 31 நாள் விடாமல் வெளியிலேயே அந்த அளவைத் தொட்டது அல்லது தாண்டியது. மூடிய கராஜ் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தரையில் துளை போடும் முன் கராஜ் தரையின் ஓரத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் புது வீடுகள் பலவற்றில் இருப்பது போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், அதாவது எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிய கான்கிரீட் தரை; வெட்டாதே, துளைக்காதே என்று கான்கிரீட்டிலேயே முத்திரை குத்தியிருக்கும். உள்ளே முறுக்கேறி நிற்கும் எஃகுக் கம்பிகளில் ஒன்றை அறுத்துவிட்டால் ஆளுக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து.

இனி பூல். எவ்வளவு பெரிசு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, இதை யாரும் முதலில் பேசுவதில்லை. பீனிக்ஸ் வட்டாரத்தில் திறந்த பூலிலிருந்து வருடத்துக்குச் சுமார் 6 அடி உயரத் தண்ணீர் ஆவியாகிறது. 400 சதுர அடிப் பூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,400 கன அடி, கிட்டத்தட்ட 18,000 கேலன். அந்த அளவுப் பூலின் சராசரி ஆழம் 5 அடி என்றால் மொத்தக் கொள்ளளவே 15,000 கேலன்தான். அதாவது ஒரு முழுப் பூலுக்கும் மேல் வருடா வருடம் காற்றில் போகிறது. போகிற தண்ணீர் உப்பையும் சுண்ணாம்பையும் விட்டுவிட்டுப் போகும், பூல் ஓரத்து டைல் மேல் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். பக்கத்து நெவாடாவில் லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டி, 2022-லிருந்து புது வீட்டுப் பூல்களின் பரப்பு 600 சதுர அடியைத் தாண்டக் கூடாது என்று விதியே போட்டுவிட்டது. ஆழத்துக்கு வரம்பு இல்லை, பரப்புக்குத்தான். காரணம் புரிகிறதல்லவா, ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதான்.

அப்படியென்றால் மூடி போட்டுவிடலாமே என்பீர்கள். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் கட்டாயம் போடுங்கள். தண்ணீரும் மிச்சம், சூடும் தங்கும், ஹீட்டர் தேவையே குறையும். ஆனால் ஜூலையில் குமிழ் வைத்த நீல மூடியைப் போட்டால் இறங்கிக் குளிக்க முடியாத வெந்நீர்தான் கிடைக்கும். கோடையில் பூலைக் குளிர்விப்பதே அந்த ஆவியாதல்தான். தண்ணீரை மிச்சம் பிடித்தால் சூடு ஏறும், சூட்டைக் குறைத்தால் தண்ணீர் போகும். இந்த இழுபறிக்கு ஒரே நல்ல பதில் நிழல். பூலின் மேற்குப் பக்கம் ஒரு ராமடாவோ (கூரை போட்ட திறந்த பந்தல்) வீட்டுச் சுவரோ கராஜின் பின்சுவரோ வருகிற மாதிரி இடம் பாருங்கள். கராஜின் நிழல் 4 மணிக்குப் பூல் மேல் விழுந்தால் அது காசில்லாமல் கிடைத்த குளிர். சில வீடுகளில் பூலை இருபது அடி நகர்த்தினாலே இது நடக்கும், ஆனால் வரைபடம் போடுகிறவர் சமையலறை ஜன்னலிலிருந்து அழகாகத் தெரிகிற இடத்தைத்தான் காட்டுவார். நிழல் துணி கட்டுவதென்றால் கம்பங்களுக்கு ஆழமான அஸ்திவாரம் வேண்டும், மழைக்கால ஹபூப் எனும் புழுதிப்புயல் வரும் முன் கழற்றியும் வைக்க வேண்டும். மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்கள் நிழலுக்கு அருமை, பூலை ஒட்டி வைத்தால் இலையும் பூவும் அள்ளியே நாள் போகும்.

பூலின் உட்பூச்சு வெளிர் நிறமாக இருக்கட்டும், கருநீலம் படத்தில் அழகு, ஆகஸ்டில் தொல்லை. சுற்றுத் தளத்துக்குச் சாதாரண கான்கிரீட் வேண்டாம். கூல் டெக் எனும் சூடேறாத பூச்சு அல்லது வெளிர் நிற டிராவர்டைன் கல் போடுங்கள். கோடை மதியத்தில் கான்கிரீட்டில் வெறுங்காலுடன் நின்று தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இங்கே வருடா வருடம் உண்டு.

பம்ப் விஷயம் கொஞ்சம் விரிவாக. 2021 ஜூலைக்குப் பிறகு தயாராகும் பூல் பம்ப்களுக்கு அமெரிக்க அரசின் திறன் விதி வந்ததால், வழக்கமான வீட்டுப் பூல் அளவில் இப்போது கிடைப்பவை அநேகமாக வேகத்தை மாற்றக்கூடியவைதான். ஆனால் நல்ல பம்பை வாங்கிப் பழைய வேகத்திலேயே ஓட்டுகிற வீடுகள் ஏராளம். கணக்கு இதுதான்: வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்கு. அதே அளவு தண்ணீரைச் சுற்ற இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தக் கரண்ட் கால்வாசி. பம்பின் திரையில் சுழற்சி வேகமும் வாட்டும் தெரியும், நிறுவிய ஆள் கிளம்பும் முன் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். நிமிடத்துக்கு 3,450 சுற்று என்ற முழு வேகத்திலேயே விட்டிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். கிளீனர் ஓட ஓரிரு மணி நேரம் அதிக வேகம் தேவைப்படலாம், சால்ட் சிஸ்டம் (உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி) இருந்தால் அதற்கென்று ஒரு குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும். மற்ற நேரம் மெதுவாக ஓடட்டும். 4 முதல் 7 வரை நிறுத்தம்.

மெதுவான ஓட்டத்தின் பலன் குழாயில்தான் முழுதாகக் கிடைக்கும். ஒப்பந்தத்தில் பெரிய விட்டமுள்ள குழாய், குறைந்த முழங்கை வளைவுகள், பூலுக்குப் பக்கத்தில் பம்ப் மேடை என்று எழுதி வாங்குங்கள். மண்ணுக்குள் போன பிறகு மாற்ற முடியாதது குழாய் மட்டும்தான், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் வகையாக இருந்தால் பேக்வாஷ் (ஃபில்டரைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது) என்று தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை.

சூடாக்க வேண்டும் என்றால் கூரை மேல் போடுகிற கண்ணாடியில்லாத சோலார் குழாய்த் தகடுகள் இந்த ஊருக்குப் பொருத்தம். இதில் ஒரு போனஸ் உண்டு: கோடை இரவில் அதே தகடுகள் வழியாகத் தண்ணீரைச் சுற்றவிட்டால், தெளிந்த பாலைவன வானத்துக்குச் சூட்டை விட்டுக் கொஞ்சம் குளிர்ந்து வரும். மின்சார சோலார் பேனலைப் பொறுத்தவரை, 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யும் செலவுக்கு வீட்டு உரிமையாளர்களுக்கான 30 சதவீத மத்திய வரிச் சலுகை கிடையாது. இன்னும் அதைக் காட்டி விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேனல் வேண்டுமா என்பதைச் சலுகையை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். எச்ஓஏ (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) பயப்படுத்தினால், அரிசோனா சட்டப்படி அவர்கள் சோலாரை முற்றாகத் தடுக்க முடியாது, நியாயமான விதிகள் மட்டும் வைக்கலாம்.

இரண்டு வேலையும் சந்திக்கிற இடம் மின் பேனல். கார் சார்ஜர், மினி ஸ்ப்ளிட், வாட்டர் ஹீட்டர், பூல் பம்ப், ஒருவேளை பூல் ஹீட் பம்ப். எதிர்காலத்தில் வரப்போகிறதையும் சேர்த்து எலக்ட்ரீஷியனிடம் லோடு கணக்குப் போடச் சொல்லுங்கள். பூல் பக்கம் போகும் பள்ளத்தைத் தோண்டும்போதே பிறகு வயர் இழுக்க இன்னொரு காலிக் குழாயையும் போட்டுவிடுங்கள். இங்கே மண்ணுக்கடியில் கலிச்சி என்ற சுண்ணாம்புக் கெட்டி அடுக்கு வரும், கடப்பாரை அசையாது, இரண்டாம் முறை தோண்ட யாருக்கும் மனசு வராது. கலிச்சி வந்தால் கூடுதல் கட்டணம் எவ்வளவு, யார் தருவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தோண்டும் முன் 811-க்கு அழைத்து நிலத்தடிக் குழாய், கேபிள்களைக் குறிக்கச் சொல்வது சட்டம், அதற்குக் கட்டணமில்லை.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒன்று. 6 வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்கும் வீட்டில் பூலைச் சுற்றி குறைந்தது 5 அடி உயரத் தடுப்பு, தானாக மூடித் தானாகத் தாழ் விழும் வெளிப்பக்கம் திறக்கும் கேட் என்று மாநிலச் சட்டம் கேட்கிறது. நகர விதி சில இடங்களில் இன்னும் கடுமை. வீட்டுச் சுவரையே தடுப்பின் ஒரு பக்கமாக வைத்தால், அந்தப் பக்கம் திறக்கும் கதவுகளுக்கும் விதி உண்டு. கராஜின் பக்கவாட்டுக் கதவு பூல் முற்றத்தில் திறக்கிற மாதிரி வரைபடம் இருந்தால், அதை இப்போதே வேறு பக்கம் மாற்றச் சொல்லிவிடுங்கள்.