பழைய தியேட்டரில் பேய் நாடகம்: ஆவியை எப்படித் தோன்ற வைப்பது?

மாங்குளத்தான்:
கிளிநொச்சிப் பக்கம் மூடிக்கிடக்கிற பழைய தியேட்டருக்குள் ஒரு பேய் நாடகம் போடப்போறம். மேடை 20 அடி அகலம், 10 அடி ஆழம். படம் ஓட்டுபவராய் இருந்து செத்துப்போனவரின் ஆவி கடைசிக் காட்சியில் தோன்றி மறைய வேணும். கண்ணாடி வைத்துச் செய்யலாம் என்கினம். சரிவருமா?

முள்ளியவளை:
கண்ணாடி வேண்டாம் தம்பி. 1862 இல் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையேற்றிய முறை அது. 45 பாகையில் நிறுத்திய கண்ணாடியில், மறைவில் வெளிச்சத்தில் நிற்பவரின் விம்பம் விழும். முழு ஆள் தெரிய 7 அடிக்கு 8 அடி வேணும். 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 80 கிலோவுக்குக் கிட்ட வரும். வாசல் வெளிச்சம், சனத்தின் ஃபோன் வெளிச்சம் எல்லாம் அதிலேயே தெரியும்.

அதுக்குப் பதிலாய் நுளம்பு வலைத் துணி எடுங்கோ, ஆவியாய் வாறவர் அதுக்குப் பின்னால் நிற்கட்டும். மேடைச் சுவர்ப் பலகைகளுக்கு நடுவில் 4 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரு சட்டம் விட்டு, அதில் வலையைச் சுருக்கமில்லாமல் இழுத்து அடியுங்கோ. இடையில் தையல் வரக்கூடாது, கோடாய்த் தெரியும். சுவர் நிறத்துக்குச் சாயம் தோய்க்க வேணும். பெயின்ற் பூசினால் வலைக்கண் அடைபட்டுப்போகும். பொலியெஸ்ரர் வலையில் பருத்திச் சாயம் ஏறாது, பருத்தி வலையாய்த் தேடுங்கோ.

முன்விளக்கு பக்கத்திலிருந்து சரிவாய் விழட்டும். அப்ப வலை சுவராய்த் தெரியும். நேரே அடித்தால் வெளிச்சம் உள்ளே போய், பின்னால் நிற்கிறவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குப் பின்னால் 4 அடி தள்ளிக் கறுப்புச் சீலை கட்டுங்கோ. முன்விளக்கைத் தணிக்கத் தணிக்க, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் இருக்கிற விளக்கை ஏற்ற வேணும், அப்ப வலை மறைந்து அவர் தெரிவார். 5 செக்கன் போதும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் பால் மாதிரி மங்கும்.

மாங்குளத்தான்:
நன்றி அண்ணை. எல்.ஈ.டி. குமிழ்தான் கைவசம் இருக்கு. காணுமோ?

வவுனியா மேடை:
சாதாரண எல்.ஈ.டி.யை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) தணித்தால் மினுங்கும், அல்லது திடீரென அணையும். ஹலோஜன் கிடைக்காவிட்டால் குமிழை முழுதாய் எரியவிட்டு, முன்னால் ஒரு தகரத்தைப் பிடித்து மெதுவாய் நகர்த்துங்கோ. பகலில் உள்ளே நின்று கூரையைப் பாருங்கோ: ஆணி ஓட்டையால் வெயில் வந்தால் பின்னேரக் காட்சிக்கு ஆவி தெரியாது. தறப்பாள் போடுங்கோ, இல்லாட்டி இருட்டினபிறகு தொடங்குங்கோ.

குரலுக்கு ஸ்பீக்கரை மேடையில் வைக்காதேங்கோ. சனத்துக்குப் பின்னால், படம் ஓட்டும் அறையின் சதுர ஓட்டைக்குள் வைத்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பினம். அந்த நேரம் நடிகர் வலைக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கோ. வெடிச்சத்தம் வேண்டாம், முழு இருட்டும் வேண்டாம். 2009 போரைக் கண்ட சனம்தான் முன்னால் இருக்கும். ஆவிக்கு இரத்தம், கிழிந்த உடுப்பு தேவையில்லை. கையில் ஒரு படச்சுருள் டப்பா இருந்தால் ஆள் ஆரெண்டு விளங்கும். வெளிவாசல் விளக்கை அணைக்காதேங்கோ. மேடைப் பக்கம் மட்டும் அட்டையால் மறையுங்கோ.